முத்திரை இல்லாத கை

மார்கழி பிறந்தால் நாட்டியம் பார்க்கிறவர்கள் சென்னைக்கு வருவார்கள். நான் சென்னையிலிருந்து கிளம்பினேன், ஹௌரா மெயிலில். “சீசனை விட்டுட்டுக் கல்கத்தாவா? அங்க யார் இருக்கா உனக்கு?” என்று சிநேகிதி கேட்டாள். லேக் மார்க்கெட்டில் ஒரு மாமி இருக்கிறார், அப்பாவின் பழைய சிநேகிதர் மனைவி, இருபது வருஷமாகக் கூப்பிடுகிறார் என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி உதய் சங்கர்.

‘கல்பனா’ என்ற அவருடைய படத்தைச் செப்பனிட்டு 2012ல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். அதை நான் பல வருஷம் கழித்து ஒரு சின்னத் திரையில் பார்த்தேன். 1948ல் வந்த படம். எழுதி, இயக்கி, நடித்து, ஆடியது எல்லாம் அவரே. கூட ஆடியவர் மனைவி அமலா. அதில் ஓர் ஆட்டம்: வரிசையாக நிற்கும் ஆட்களின் கைகள் உலக்கையாகின்றன, பற்சக்கரமாகின்றன, மனிதர்கள் யந்திரத்துக்குள் போய் யந்திரமாகவே வெளியே வருகிறார்கள். கிருஷ்ணன் இல்லை, ராதை இல்லை, காத்திருக்கும் நாயகி இல்லை. பார்த்து முடித்துவிட்டுப் படம் எங்கே எடுத்தது என்று தேடினால் சென்னை ஜெமினி ஸ்டுடியோ! ஒளிப்பதிவு கே. ராம்நாத். பதின்ம வயதுப் பத்மினி முதன்முதலில் கேமரா முன்னால் வந்ததும் இந்தப் படத்தில்தான். இன்றைக்கு ஜெமினி மேம்பாலத்தில் பஸ்ஸில் போகிற எத்தனை பேருக்கு, இந்தியாவின் நவீன நடனம் அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு செட்டுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது தெரியும்? எனக்கே தெரிந்திருக்கவில்லை, நானும் தினம் அந்த வழியாகப் போகிறவள்தான்.

அவர் ஆடி முடித்து, பள்ளி வைத்து, 1977ல் கண்ணை மூடிய ஊரைப் பார்க்க வேண்டுமென்று அப்போதிருந்தே ஆசை.

சுமார் 1,660 கிலோமீட்டர். ரயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சில்கா ஏரி வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர. ஹௌராவில் இறங்கினால் இப்போது ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ. 2024 மார்ச்சில் திறந்தது. ஹூக்ளிக்குக் கீழே போகும் அந்த முக்கால் நிமிஷத்துக்குச் சுரங்கச் சுவரில் நீல விளக்கு எரிகிறது. பெட்டியில் இருந்தவர்களில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எஸ்பிளனேடில் வண்டி மாறி, காளிகாட்டில் இறங்கி, படியேறி ராஷ்பிஹாரி அவென்யூவுக்கு வந்தால் பனிமூட்டம், குரங்குக் குல்லாய் போட்ட தாத்தாக்கள், மண் குவளையில் டீ. கிழக்கே கொஞ்ச தூரம் நடந்ததும் மூக்குக்கு முதலில் தெரிந்தது. கறிவேப்பிலை. பிறகு வறுத்து அரைத்த காப்பிக்கொட்டை.

லேக் மார்க்கெட் வந்துவிட்டது.

பழைய சந்தை இருந்த இடத்தில் இப்போது ஒரு மால் நிற்கிறது. சந்தை அதைச் சுற்றித் தெருவில் வழிந்து கிடக்கிறது. வாழை இலைக் கட்டு, அப்பளம், முறுக்கு, நல்லெண்ணெய், கொத்துக்கொத்தாக முருங்கைக்காய். முருங்கையும் வாழைப்பூவும் வங்காளிகளுக்கும் உயிர். அதனால் ஒரே கூடையின் முன்னால் இரண்டு சமையலும் குனிந்து நிற்கின்றன. ஒருத்தி பொரியலுக்கு, இன்னொருத்தி ‘கொண்ட்டோ’வுக்கு. பூக்காரர் சம்பங்கியைக் கோத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊர் டயமண்ட் ஹார்பர் பக்கமாம். “மல்லி நூறு, கதம்பம் அம்பது” என்று என்னிடம் தமிழிலேயே சொன்னார். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பேரமும் தமிழில்தான் நடந்தது, தோற்றேன்.

வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு டைப்பிஸ்ட், ஸ்டெனோ, கணக்கர் என்று தஞ்சாவூர், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஆட்கள் போன காலத்தில் உருவான பேட்டை இது. தெற்கே சதுப்பை எடுத்து ஏரி வெட்டி, புதுத் தெருக்கள் போட்டது கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். 1920களின் வேலை அது. புது வீடு, கட்டுப்படியாகும் வாடகை, ஆபீசுக்கு டிராம். குருவாயூரப்பன் கோவில், நேஷனல் ஹைஸ்கூல், ரசிக ரஞ்சன சபா, கோமள விலாஸ், ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம் என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. லேக் ரோடுக்கு மாநகராட்சி வைத்த பெயர் கவி பாரதி சரணி, நம் பாரதிதான். ‘ஊழிக்கூத்து’ எழுதியவருடைய பெயரில் தெரு, காளிகாட்டுக் காளிக்கு நடக்கிற தூரத்தில். யோசித்து வைத்தார்களோ, தானாக அமைந்ததோ, பொருத்தம்தான்.

இதே ராஷ்பிஹாரி அவென்யூவில், தேசப்ரிய பார்க் பக்கத்தில், 1954 அக்டோபர் 14 அன்று ஜீபனானந்த தாஸ் டிராமில் அடிபட்டார். எட்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். வங்கத்தின் ஆகப் பெரிய நவீன கவிஞர்களில் ஒருவர். மாமி இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் நடையைக் கொஞ்சம் குறைக்கிறார். “எனக்கு அப்போ ஒரு வயசு. ஆனா எங்கப்பா அன்னிக்கு அந்த டிராமுக்கு அடுத்த டிராம்ல வந்தாராம்,” என்கிறார். லேக் மார்க்கெட்டில் அந்த வயதுக்காரர்கள் எல்லாருடைய அப்பாவும் அடுத்த டிராமில்தான் வந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மாமியின் வீடு மூன்றாம் மாடி. சிவப்பு சிமென்ட் தரை, பச்சை மரச் சட்டம் போட்ட ஜன்னல், கூடத்தில் தஞ்சாவூர்ப் படம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் அதே உயரத்தில் தாகூர். எழுபது தாண்டியவர், முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பிறந்ததிலிருந்து இந்தப் பேட்டையை விட்டு நகராதவர். ஒரு வாக்கியத்தைக் கும்பகோணத்தில் தொடங்கி பாலிகஞ்சில் முடிப்பார். நன்றாக இருந்தால் “தாருண்!”, சரியில்லையென்றால் “கண்றாவி”.

“என்னடி, அந்த மார்டன் டான்ஸ் பாக்கணும்னா வந்தே? உருண்டு புரள்றதே, அதுவா?”

ஆமாம் மாமி என்றேன். எனக்கும் அதில் சந்தேகம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டேன். நீல வெளிச்சத்தில், மின்னிசைக்கு நடுவில், காரணம் சொல்லாமல் தரையில் உருளுகிற நிகழ்ச்சிகளைச் சென்னையிலும் நிறையப் பார்த்தாயிற்று. பழைய அலாரிப்பு அலுப்பு என்றால் இது புது அலுப்பு. ஆனால் சந்திரலேகாவின் ‘சரீரா’வையும் பார்த்திருக்கிறேன், அது 2001ல் அவர் அமைத்தது. துருபத் பாடலுக்கு ஒரு பெண் அவ்வளவு மெதுவாகக் காலை உயர்த்துவாள், நமக்கு மூச்சு நின்றுவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் அரை மணி கழித்து என்னிடம், “எப்பம்மா ஆட ஆரம்பிப்பாங்க?” என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டுமென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பயணமே அவருக்குப் பதில் தேடித்தான் என்றுகூடச் சொல்லலாம்.

மாலையில் ஒரு நிகழ்ச்சிக்குப் போனோம். துண்டுச்சீட்டில் ஆறரை என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு, நிகழ்ச்சி தள்ளிப்போடப்பட்டதாக ஒரு காகிதம். மாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்களைப் போலவே ஏமாந்து நின்ற ஒரு பெண், தானே ஆடுகிறவள், நாளைக் காலை எங்கள் ஒத்திகைக்கு வாருங்கள், லேக் பக்கம்தான், மேடையில் பார்ப்பதைவிட அது நன்றாக இருக்கும் என்றாள். பூட்டிய கதவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ராத்திரி அடை சாப்பிட்டுக்கொண்டே பேச்சு நீண்டது.

“நீங்க ஆடியிருக்கேளா மாமி?”

“ஆடாம? இந்தத் தெருவுல பொண்ணாப் பொறந்தா பாட்டு, இல்லேன்னா டான்ஸ். எனக்குத் தொண்டை கிடையாது.”

கல்கத்தாவுக்கும் பரதத்துக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டில் நாம் சரியாக எண்ணிப் பார்ப்பதில்லை. பாலசரஸ்வதி தென்னாட்டுக்கு வெளியே முதலில் ஆடியது 1934ல், இந்த ஊரில். பின்னால் அவரைப் பற்றி ‘பாலா’ என்று 1976ல் ஆவணப்படம் எடுத்தவர் சத்யஜித் ராய், இந்த ஊர்க்காரர். கோவிந்தன் குட்டியும் தங்கமணி குட்டியும் 1968ல் இங்கே கலாமண்டலம் தொடங்கினார்கள், வங்காளிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே அரைமண்டி உட்கார்ந்தார்கள். சித்ரா விஸ்வேஸ்வரன் சின்னப் பெண்ணாக இருந்தபோது பரதம் படித்தது கல்கத்தாவில்தான். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் டி.ஏ. ராஜலட்சுமி, திருவிடைமருதூர்த் தேவதாசி மரபில் வந்தவர், இந்த ஊரில் குடியேறியவர்.

திருவிடைமருதூர் எங்கள் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி. மகாலிங்கசுவாமி கோவில் பிராகாரத்தில் நான் ஓடி விளையாடியிருக்கிறேன். அந்த ஊரில் இந்தப் பெயரை ஒருவர் வாயாலும் கேட்டதில்லை. 1947ல் சட்டம் வந்தது, வந்தது நியாயம்தான். ஆனால் பொட்டுக் கட்டுவதை நிறுத்தியபோது கூடவே அந்த அம்மாக்களின் பெயர்களையும் நாம் துடைத்துவிட்டோம். சொந்த ஊரில் ‘அந்தத் தெரு’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்லப்பட்ட கலை, 1,600 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி ‘டீச்சர்’ என்று கூப்பிடப்பட்டிருக்கிறது. அடையில் கை நின்றுவிட்டது எனக்கு.

“எங்கப்பா பரதநாட்டியம்னா சரின்னார்,” என்றார் மாமி. “உதய் சங்கர் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சிருந்தார் பாரு, அறுபத்தஞ்சுல. அங்க போறேன்னேன். ‘அது நம்மளது இல்லே’ன்னுட்டார். ஒரே வார்த்தை.”

நம்மளது இல்லை! நான் ‘கல்பனா’ எங்கே எடுக்கப்பட்டது என்று சொன்னேன். மாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

மாமியின் அப்பாவுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. உதய் சங்கர் முறையாக எந்த நாட்டியமும் பயிலாமல்தான் தொடங்கினார். லண்டனில் ஓவியம் படிக்கப் போனவர், 1923ல் அன்னா பாவ்லோவாவோடு கிருஷ்ணனாக ஆடினார். சிலையையும் சித்திரத்தையும் பார்த்துப் பார்த்து உடம்பை அமைத்துக்கொண்டவர். 1938ல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் அவர் கலை மையம் தொடங்கியபோது, கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியையும் சங்கீதத்துக்கு அலாவுதீன் கானையும் அழைத்துவந்தார். பரதத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? பாலசரஸ்வதியின் குரு கந்தப்பா பிள்ளை. நட்டுவாங்கத் தாளத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பனிமலைக்குப் போன மனிதர். அங்கே அவர் முன்னால் அடவு போட்ட பிள்ளைகள் வெவ்வேறு ஊர், வெவ்வேறு மொழி. பிற்பாடு ‘பியாசா’ எடுத்த குரு தத்தும் அந்த மையத்தில் படித்தவர்தான். சில வருஷங்களிலேயே மையம் மூடிப்போனது. ஆனாலும் இந்தியாவில் ‘புது நடனம்’ என்று எதைத் தொட்டாலும் அதன் வேரில் எங்கேயோ ஒரு தஞ்சாவூர்த் தட்டுக்கழி சத்தம் கேட்கிறது. அதைப் புறத்தி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

பாவ்லோவாவைப் பற்றி ஒன்று. உதய் சங்கருக்கு வழிகாட்டிய அதே ரஷ்யக்காரிதான் ருக்மிணி தேவியிடமும், உங்கள் மண்ணின் கலையைத் தேடிப்பாருங்கள் என்றார். ருக்மிணி தேவி தேடிப்போய் 1936ல் கலாக்ஷேத்ராவில் வந்து நின்றார். உதய் சங்கர் அல்மோராவுக்குப் போனார். ஒன்று மரபு, ஒன்று நவீனம் என்று நாம் தனித்தனி அலமாரியில் அடுக்கிவிட்டோம். இரண்டுக்கும் சாவி ஒரே கையிலிருந்து வந்தது.

“ஆனா ஒரு தடவை பார்த்துட்டேன்,” என்றார் மாமி, குரலைத் தாழ்த்தி, அப்பா அடுத்த அறையில் இருப்பதுபோல. “உதய் சங்கரோட சங்கர்ஸ்கோப். எழுபது, எழுபத்தொண்ணு இருக்கும். காலேஜ் தோழியோட. திரையில சினிமா ஓடிண்டிருக்கு, ஒருத்தன் ஓடி வரான், ஓடி வரான், படக்குனு திரைய விட்டு மேடையில வந்து நிக்கறான், நிஜ ஆளா! நான் கத்தியே போயிட்டேன்.” ஐம்பது வருஷத்துக்கு முந்திய கத்தல் கண்ணில் தெரிந்தது. “அடுத்த வருஷம் கல்யாணம். சலங்கை பரண் மேல போச்சு. பிஸ்கட் டின்னுக்குள்ள. இன்னும் அங்கேதான் இருக்கு.”

மறுநாள் விடிகாலை ரவீந்திர சரோவர் ஓரமாக நடந்தோம். வெள்ளைக்காரன் காலத்து லேக், 1958ல் இந்தப் பெயர் பெற்றது. துடுப்புப் படகுகள் பனியைக் கிழித்துக்கொண்டு போயின. கரையில் ஒரு கூட்டம் வரிசையாக நின்று சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது, டாக்டர் சொன்னாராம். மாமிக்கு அது பிடிக்காது. “சிரிப்பு வராம சிரிக்கறது அபிநயம்கூட இல்லே, கண்றாவி,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஒத்திகைக்கு நான் தனியாகத்தான் போனேன்.

ஒரு சந்துக்குள் முதல் மாடி. சாயங்காலம் ட்யூஷன் நடக்கிற இடம் போலிருக்கிறது, கரும்பலகையில் முக்கோணங்கள் அழிக்கப்படாமல் இருந்தன. தரையில் லினோலியம். ஒன்பது பேர். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள், இரண்டு கல்லூரி மாணவிகள், ஒரு பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார், நேற்று சந்தித்த பெண். வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிற ஒரு பையனும் இருந்தான். அவனுடைய ஹெல்மெட்டும் சதுரப் பையும் வாசல் ஓரத்தில் செருப்புகளோடு இருந்தன. சொல்லிக்கொடுப்பவருக்கு நாற்பது வயதிருக்கும், பழைய பருத்தி குர்த்தா, வெறுங்கால். பாட்டு எதுவும் போடவில்லை. மின்விசிறியும் கீழ்வீட்டுக் குக்கரும் தெருவில் மீன்காரனின் கூவலும்தான் பக்கவாத்தியம்.

பயிற்சி ஒன்றே ஒன்று. எதையாவது தூக்க வேண்டும், கொண்டுபோய் எங்கேயாவது வைக்க வேண்டும். அது என்ன என்று யாரிடமும் சொல்லக்கூடாது, முகத்தாலும் சொல்லக்கூடாது.

வங்கி அம்மாள் எதையோ இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார். குழந்தையா, குடமா தெரியவில்லை, ஆனால் அதற்கு ஈரம் இருந்தது, நாங்கள் பார்த்தோம். டிராயிங் வாத்தியார் கொஞ்சம் மிகையாக முக்கினார். பிறகு அந்தப் பையன். குனிந்து எடுத்தான். எடை ஒன்றும் பெரிதில்லை, ஆனால் சாய்க்கக்கூடாத பொருள். படியேறினான். தட்டைத் தரையில் ஒருவன் படியேறுவதை நான் கண்ணால் பார்த்தேன். முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடியில் தொடை நடுங்கியது. ஒரு விரலால் மணியை அழுத்தினான். நின்றான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு நிமிஷம் இருக்கும். கதவு திறக்கவில்லை. அந்த முதுகு முதலில் நேராக இருந்தது, அப்புறம் வலது தோள் ஓர் அங்குலம் இறங்கியது, அப்புறம் தலை, உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதற்குக் கொஞ்சம் சாய்ந்தது. அவ்வளவுதான். பொருளைக் கீழே வைக்காமலே திரும்பி எங்களைப் பார்த்தான். யாரும் பேசவில்லை. ஆசிரியர் மட்டும் “ஹ்ம்ம்” என்றார்.

சென்னை நாற்காலிக்காரரே, இவர்கள் எப்போது ஆட ஆரம்பிப்பார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அந்தத் தோள் இறங்கிய ஓர் அங்குலம் போதும்.

“தீதி, நீங்களும்,” என்றார் ஆசிரியர். கும்பகோணத்தில் நாலு வருஷம் பரதம் படித்து ஜதிஸ்வரத்தோடு நின்றுபோனவள் நான். அதை மறைத்து வைத்திருந்தேன். எழுந்து, குனிந்து, தூக்கினேன். நாற்பது வருஷம் கழித்தும் விரல்கள் தாமாகவே கடகாமுகத்தில் போய் நின்றன. ஆசிரியர் பக்கத்தில் வந்து என் கையைப் பார்த்துச் சிரித்தார், கேலியாக இல்லை. பாதி வங்காளத்திலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார்: உங்கள் விரல் பூ என்கிறது, ரொம்ப அழகான பூ. ஆனால் பூவைத் தூக்க முழங்கால் இவ்வளவு மடங்குமா? விரலும் முழங்காலும் வேறு வேறு கதை சொல்கின்றன. விரலைப் பிரித்துவிட்டார். முத்திரை போனதும் கை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கியது, முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்ட குழந்தைபோல.

முத்திரையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது ஒரு மொழி, நூற்றாண்டுகள் கூடி உட்கார்ந்து உண்டாக்கிய மொழி. இரண்டு விரலில் மானைக் கொண்டுவந்து நிறுத்துகிற சிக்கனம் உலகத்தில் வேறெங்கும் அவ்வளவாகக் கிடையாது. ஆனால் அந்தப் பையனுடைய மூன்றாம் மாடிக்கு முத்திரை இல்லை. திறக்காத கதவுக்கு முன்னால் சோறு வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு நாட்டிய சாஸ்திரத்தில் கை இல்லை. அவன் தன் முதுகைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த ஊரில் இதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர்களில் ஒருவர் மஞ்சுஸ்ரீ சாக்கி சர்க்கார். பரதம், மணிப்புரி எல்லாம் கற்றவர், மானிடவியல் படித்தவர். எப்போது பார்த்தாலும் தலைவனுக்காக ஏங்கிக்கொண்டே நிற்கும் நாயகியாக எத்தனை காலம் ஆடுவது என்று கேட்டார். 1983ல் டான்ஸர்ஸ் கில்டைத் தொடங்கி, தம்முடைய வழிக்கு ‘நவநிருத்யா’ என்று பெயர் வைத்தார். தாகூரின் ‘சண்டாளிகா’வை எடுத்து ‘தோமாரி மாட்டிர் கன்யா’ என்று மாற்றி அமைத்தார். தாகூர் 1938ல் அதை நாட்டிய நாடகமாக்கியபோது, தாழ்த்தப்பட்ட பெண் தண்ணீர் கொடுப்பதே பெரிய புரட்சி. மஞ்சுஸ்ரீ அந்தப் பெண்ணுக்கு மண்ணில் ஊன்றி நிற்கும் காலைக் கொடுத்தார். கூடவே ஆடிய மகள் ரஞ்சாபதி 1999ல் போனார், அடுத்த வருஷமே தாயும். அந்தப் பட்டறையில் பழகிய சொஹினி சக்ரவர்த்தி 2004ல் ‘கொல்கத்தா சன்வேத்’ தொடங்கி, கடத்தி விற்கப்பட்டு மீட்கப்பட்ட பெண்களோடு நடனத்தையே சிகிச்சையாக வைத்து வேலை செய்கிறார். தன் உடம்பு தன்னுடையது என்பதை ஒருத்திக்கு வாயால் எடுத்துச் சொன்னால் ஏறாது, அவளே ஒரு தடவை கையை வீசிப்பார்த்தால் ஏறலாம். இதற்கு நீல வெளிச்சம் தேவைப்படுவதில்லை.

மத்தியானம் மாமியிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, “ஜெயில் டான்ஸ் பாத்திருக்கேன் தெரியுமோ?” என்றார்.

அலகானந்தா ராய். கிளாசிக்கல் நடனக்காரர். 2007ல் பிரசிடென்சி சிறைக்குப் போனவர், கைதிகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவர்களை வைத்து அவர் அமைத்தது ‘வால்மீகி பிரதிபா’. தாகூர் பத்தொன்பது வயதில், 1881ல் எழுதிய இசை நாடகம். கொள்ளைக்காரன் ரத்னாகரன் கவிஞனாவது கதை. கொலைக் குற்றத்துக்கு உள்ளே இருந்தவர்கள் கொள்ளைக்காரர்களாக ஆடினார்கள், சிறைக்கு வெளியே, டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால். வால்மீகியாக ஆடிய நைஜல் அக்காரா விடுதலையாகி சினிமாவுக்கு வந்தார். 2012ல் வந்த ‘முக்தோதாரா’ இந்தக் கதையைத் தழுவியதுதான், அவரே நடித்தார். கைதிகள் அலகானந்தாவை ‘மா’ என்று கூப்பிடுவார்களாம்.

“ரெண்டாவது வரிசை எனக்கு,” என்றார் மாமி. “பயந்துண்டேதான் போனேன். கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுண்டேன். பத்து நிமிஷம் ஆச்சு, கைப்பை கீழே விழுந்துடுத்து, எடுக்கவே தோணலை. ஒருத்தன், நல்ல உயரம், பறவை செத்துக் கிடக்குமே, அதைப் பாத்துண்டு நின்னான். என்ன பண்ணினான்னு கேளு. ஒண்ணும் பண்ணலை! கையைப் பாத்துண்டான். தன் கையையே. நடிப்பா அது, நீயே சொல்லு.”

நான் எதுவும் சொல்லவில்லை.

கிளம்ப வேண்டிய நாள் சாயங்காலம் பூக்காரரிடம் கடைசியாக ஒரு தடவை தோற்று, அரை முழம் மல்லி வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். நலேன் குர் சந்தேஷ், ஈச்சங்கருப்பட்டி வாசனையோடு இரண்டு பெட்டி, மாமி கட்டி வைத்திருந்தார். புளியோதரை தனியாக. சமையலறையில் காப்பி இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ராஷ்பிஹாரி அவென்யூவில் பஸ்காரன் “கடியா, கடியா, கடியாஹாட்” என்று கத்தினான்.

“அந்தக் கிளாஸ்ல நீ என்ன தூக்கினே?” என்று கேட்டார் மாமி.

விரலைப் பிரித்துவிட்ட பிறகு நான் இரண்டாம் தடவை தூக்கினேன். அது என்ன என்று மாமியிடம் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

“சொல்லக்கூடாதுன்னு விதி மாமி.”

“ஓஹோ.”

மாமி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அடுப்பைச் சின்னதாக்கினார். ஆபரேஷன் ஆன முழங்காலுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு தாழ்ந்தார், பழைய பழக்கம், முதுகு கோணவில்லை. தரையிலிருந்து இரண்டு கையாலும் எதையோ எடுத்தார். பெரிய பொருள் இல்லை. ஆனால் உள்ளே ஏதோ அசைகிறது, சத்தம் வந்துவிடக்கூடாது என்று பிடிக்கிற பிடி. மார்போடு ஒரு நொடி. பிறகு குதிகாலை உயர்த்தி, விரல் நுனியில் எழும்பி, கைகளைத் தலைக்கு மேலே நீட்டி, மெதுவாக உள்ளே தள்ளி வைத்தார். கைகள் உடனே இறங்கவில்லை.

“என்ன மாமி அது?”

“விதி உனக்கு மட்டும்தானோ?” என்று சொல்லிவிட்டு டவராவைக் கழுவ எடுத்தார். “காப்பி ஆறிடும். குடி.”